அவிழ்த்துப் போட்ட மரம்

பொழியூர்க் கடற்கரையில் ஜோக்கிமைப் போல நியாயம் பேச வேறு ஆள் கிடையாது. வலைப் பங்கில் தகராறா, வேலியில் தகராறா, கூப்பிடு ஜோக்கிமை. ஆனால் இரண்டு வருஷமாக அவர் மனசுக்குள் வாதாடிய வழக்கு ஒன்றே ஒன்றுதான். அதில் குற்றவாளியும் அவர், வக்கீலும் அவர், நீதிபதியும் அவர். தினமும் விடுதலையாவார். மறுநாள் விடிந்தால் வழக்கு மறுபடியும் வாசலில் வந்து நிற்கும்.

ஐம்பத்துநாலு ஆகஸ்டில் நடந்தது அது. மலையாளச் சீமையிலிருந்த தமிழ் பேசும் தாலுக்காக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று நாடே கொதித்துக்கொண்டிருந்தது. தம்பி நிக்கோலஸ் ஊர்வலத்துக்குப் போனவன், மறுநாள் மத்தியானம் கரையோடு ஓடி வந்தான். பின்னால் போலீஸ். ஜோக்கிம் அப்போதுதான் கடலிலிருந்து கரையேறியிருந்தார். கட்டுமரம் தண்ணீர் சொட்டக் கிடந்தது. இரண்டு பேர் ஏறித் துடுப்புப் போட்டால் போலீஸ் கரையில் நின்று பார்க்க வேண்டியதுதான்.

தம்பி வருவதை ஜோக்கிம் தூரத்திலேயே பார்த்துவிட்டார். பார்த்ததும் கை கயிற்றுக்குப் போனது. கரையேறினால் மரத்தை அவிழ்த்து உலரப் போடுவது தினசரி வேலைதான். அன்று மட்டும் அந்தக் கை என்றுமில்லாத வேகத்தில் அவிழ்த்தது. நிக்கோலஸ் மூச்சிரைக்க வந்து நின்றபோது மரம் தனித்தனித் தடியாகக் கிடந்தது.

“மரம் அவுந்து கெடக்கு, மக்கா” என்றார் ஜோக்கிம்.

நிக்கோலஸ் தடிகளைப் பார்த்தான். அண்ணன் கையிலிருந்த ஈரக் கயிற்றைப் பார்த்தான். “செரி அண்ணா” என்று சொல்லிவிட்டுத் தென்னந்தோப்புக்குள் ஓடினான். அங்கேதான் பிடித்தார்கள். மூன்று மாதம் கழித்துப் போலீஸ் அடியில் நெஞ்சு நொறுங்கி வீடு வந்தான். ஈஸ்டர் வரைக்கும் இருமினான். பிறகு அந்த வீட்டில் இருமல் சத்தம் இல்லை.

ஜோக்கிமிடம் பதில்கள் இல்லாமல் இல்லை. கடல் அன்று சரியில்லை. வீட்டில் மூன்று பெண்பிள்ளைகள். ‘போகாதே’ என்று தலைபாடாக அடித்துக்கொண்டும் அவன் கேட்கவில்லை. எல்லாம் உண்மைதான், அதுதான் கொடுமை. தம்பி மனைவி அல்போன்சம்மா வழியில் கண்டால் மீன்கூடையை இறக்கி வைத்து, “சாப்பிட்டாச்சா அத்தான்?” என்பாள். நல்ல நெத்திலி கிடைத்த நாளில் ஒரு பிடி அவர் வீட்டுக்கும் போகும். அந்த நெத்திலியில் அவருக்கு முள் மட்டும்தான் தெரிந்தது. நிக்கோலஸ் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியிருப்பான். இவள் சொல்லிக்காட்டாமலே கொல்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்.

ஐம்பத்தாறு நவம்பர் ஒன்றாம் தேதி பக்கத்து ஊரான நீரோடியிலிருந்து கொண்டாட்ட வெடிச்சத்தம் கேட்டது. விளவங்கோடும் மற்ற மூன்று தாலுக்காக்களும் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டன. பொழியூர் இருக்கும் நெய்யாற்றின்கரைத் தாலுக்கா சேரவில்லை. பொழியூரில் பலர் அன்று சோறு உண்ணவில்லை. ஜோக்கிமும் உண்ணவில்லை. ஆனால் உள்ளுக்குள், சொல்ல வெட்கம், ஒரு நிம்மதி. அவர் வழக்கு ஜெயித்துவிட்டதே!

மறுநாள் கல்லறைத் திருநாள். கோயில் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் ஊரே கூடியிருந்தது. வீட்டில் மூத்த ஆண்தான் முதல் மெழுகுவர்த்தி கொளுத்த வேண்டும். அல்போன்சம்மா நிக்கோலஸின் குழிமேட்டில் பூவைத் தூவிவிட்டு, போன வருஷம் போலவே மெழுகுவர்த்தியையும் தீப்பெட்டியையும் ஜோக்கிம் கையில் கொடுத்தாள். அவர் கொளுத்தவில்லை.

“நேத்து வெடி கேட்டியா, மக்களே?”

“கேட்டேன் அத்தான்.”

“நம்ம தாலுக்கா இல்லியாம். பின்ன அவன் ஆருக்கு வேண்டி அடி வாங்கினான்? சொல்லு.”

அவள் பூவைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

“அன்னு நான் மரத்த அவுத்தது தப்புன்னு நீ நெனைக்குத. எனக்கு மூணு பொம்பளப் பிள்ளைய உண்டு. கடலும் செரியில்ல. அவன ஏத்தியிருந்தா போலீசு என்னையும் பிடிச்சிருக்கும். இப்பம் பாரு, நான் செய்ததாக்கும் செரி.”

அல்போன்சம்மா மெல்ல நிமிர்ந்தாள்.

“அத்தான் அன்னு கரையில உண்டா?”

ஜோக்கிமுக்குக் கேள்வி உடனே விளங்கவில்லை.

“அவரு அப்படிச் சொல்லல்லியே” என்றாள். “‘அண்ணன் கடல்ல இருந்து வரல்ல, அல்போன்சா. அண்ணன் மட்டும் கரையில நின்னிருந்தாம்னா என்னையக் கைவிட்டிருக்க மாட்டான்’னாக்கும் சொன்னாரு. சாவுத அன்னும் சொன்னாரு. எம்பிள்ளையளுக்கும் நான் அதத்தான் சொல்லிக்குடுத்தேன். பெரியப்பா நின்னிருந்தா அப்பா இருந்திருப்பாருன்னு.”

இரண்டு வருஷமாக வந்த நெத்திலி வெறும் அன்புதான். தம்பி மூச்சைப் பிடித்து, இருமலுக்கு நடுவே, அண்ணனுக்காக ஒரு பொய்யைக் கட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அதையும் அவர் தன் கையாலேயே அவிழ்த்துவிட்டார்.

“மக்களே…” என்று ஆரம்பித்தார். ஊருக்கெல்லாம் நியாயம் சொன்னவர் மெழுகுவர்த்தியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார்.

அல்போன்சம்மா கத்தவில்லை, அழவுமில்லை. அவர் கையிலிருந்த மெழுகுவர்த்தியை வாங்கிக்கொண்டாள். தீப்பெட்டியையும் வாங்கிக்கொண்டாள். காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அவளே கொளுத்தினாள்.