சொல்லிவிட்ட ஆமென்

பாஸ்டர் பிரபாகர் ஜெபத்தை முடிக்கும் முன்பே என் வாயிலிருந்து ஆமென் வந்துவிட்டது. வந்த பிறகுதான் எதற்குச் சொன்னேன் என்று தெரிந்தது. எங்கள் சபையில் என் ஆமென் பிரசித்தம். காரிமங்கலம் சந்தைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் கூடுகிறோம். அங்கே இருக்கிற பழைய மின்விசிறி சுற்றினால் பாஸ்டர் பேசுவது பின்வரிசைக்குக் கேட்காது, என் ஆமென் மட்டும் ரோடு வரைக்கும் கேட்கும். மாவு மில் நடத்துகிறவள் நான், கிரைண்டர் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை. பிறந்தது ஆர்.சி. குடும்பத்தில். தெரசா என்று பெயர் வைத்தார்கள், ஆமென்னை முணுமுணுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். முழுக்கு ஞானஸ்நானம் எடுத்து இந்தச் சபைக்கு வந்த பிறகுதான் அது வயிற்றிலிருந்து வரவேண்டிய சொல் என்று தெரிந்தது. அன்றைக்கு பாஸ்டர், "மழையத் தாரும் ஆண்டவரே" என்றார். ஆமென். "எங்க பிள்ளைங்களுக்கு வேலையத் தாரும்" என்றார். ஆமென். "உம்ம சமுகத்துக்கு வந்திருக்கிற இந்தச் சகோதரனுக்கு இந்தத் தேர்தல்ல ஜெயத்தத் தாரும்" என்றார். கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, எல்லோரையும் முந்திக்கொண்டு நான் ஆமென் என்றேன். கண்ணைத் திறந்தால் எதிரே முழங்காலில் நவநீதன். நாங்கள் கண்ணை மூடியிருந்தபோது உள்ளே வந்திருக்கிறார். அவர் தலையில் பாஸ்டரின் கை இருந்தது.

என் மகள் கவிப்பிரியா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் வாயைத் திறக்கவில்லை. பாயிலிருந்து எழுந்து, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டாள்.

போகாமல் என்ன செய்வாள்? போன வருஷம் காலேஜ் விட்டு வரும்போது பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேர் நடுவில் அவள் கையைப் பிடித்து இழுத்து, போனைப் பிடுங்கித் தரையில் அடித்தவன் தீர்த்தகிரி, இந்த நவநீதனின் தம்பி மகன். நாங்கள் ஸ்டேஷனுக்குப் போவதற்குள் நவநீதன் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "பையன் ஏதோ தெரியாம பண்ணிட்டான். பொண்ணு பேரு வெளிய வந்தா உங்களுக்குத்தாங்க அசிங்கம்" என்றார். புகார் எழுதிக்கொள்ளவே இல்லை, எச்சரித்து அனுப்பிவிட்டோம் என்றார்கள். கவி அதற்குப் பிறகு பல நாள் காலேஜுக்குப் போகவில்லை. அந்த ஆளுக்குத்தான் நான் ஜெயத்தைக் கேட்டிருக்கிறேன். பாழாய்ப்போன வாய்!

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அவர்கள் ஆள் ஒருவன் அதை வீடியோ எடுத்திருக்கிறான். நவநீதன் மண்டியிட்டிருக்க, பின்னால் நான் கையைத் தூக்கி முழங்குகிறேன். அதற்கு மேளம் சேர்த்து எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டுவிட்டார்கள். மறுநாள் மில்லில் அரிசி கொண்டு வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே கொண்டாட்டம். "ஆமென் அக்கா, மாவு நைஸா அரைங்க" என்றாள் செல்லி. "அரைக்கிறேன், உன் வாயையும் சேத்துக் குடு" என்றேன். அவள் சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. கவியின் காலேஜ் பஸ்ஸில் யாரோ அதைச் சத்தமாக வைத்துக் கேட்டார்களாம். அவள் பாதி வழியில் இறங்கி வந்துவிட்டாள்.

"நான் வேணும்னு சொல்லலடி" என்றேன்.

"தெரியும். அப்ப ஓட்டு யாருக்குப் போடுவ?"

சும்மா வாய் தவறிவிட்டது என்று தள்ளிவிட முடிந்தால் நான் ஏன் இப்படித் தவிக்கிறேன்? கவியின் அப்பா பெங்களூரில் கட்டட வேலையில் கம்பி கட்டுகிறவர். மஞ்சள் காமாலை முற்றிக் கண் சொருகிக் கிடந்தபோது டாக்டரே கையை விரித்துவிட்டார். சபை மொத்தமும் உபவாசம் இருந்து சொன்ன ஆமென்னில்தான் அந்த மனுஷன் எழுந்து உட்கார்ந்தார் என்று நம்புகிறவள் நான். அந்த ஆமென் மேலே போனது, இந்த ஆமென் போகவில்லை என்று நானே எப்படிப் பிரித்துச் சொல்வது? இது வெறும் சத்தம் என்றால் அதுவும் வெறும் சத்தம்தானே. இந்த எண்ணம் வந்ததும் உளுந்தில் தண்ணீர் அதிகமாக ஊற்றிவிட்டேன். ஆட்டிய மாவெல்லாம் கஞ்சியாகப் போனது.

பாஸ்டரையே கேட்டுவிடலாம் என்று போனேன். பாதியில் நிற்கும் ஜெபவீட்டுச் சுவரோரம் அவர் நின்றுகொண்டிருந்தார். இடுப்பளவு எழுந்த சுவர். ரஞ்சித்குமார் ஆட்கள் மனு மேல் மனு போட்டு நிறுத்தியது. அவரும் வேட்பாளர்தான். ஜெயித்தால் இந்தத் தகரக் கொட்டகையையும் பிரித்துவிடுவேன் என்று மைக்கில் சொல்லியே ஓட்டுக் கேட்கிறார். நவநீதனோ அனுமதி வாங்கித் தருகிறேன் என்கிறார்.

"பாஸ்டர், சொன்ன ஆமென்னத் திரும்ப வாங்கலாங்களா?"

அவர் நான் எதைக் கேட்கிறேன் என்று விசாரிக்கவில்லை. "சபையில சொன்னது சொன்னதுதான் சிஸ்டர்" என்றார். சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, "அந்த ஆளு தலையில கை வெக்க எனக்கு மட்டும் புடிச்சுதுங்களா? வெயில்ல அந்தத் தகரத்துக்கு அடியில கொழந்தைங்க மயங்கி வுழுது. நான் யார்கிட்ட போய் நிக்கறது?" என்றார். அவரைத் திட்ட வேண்டும் என்று வந்தவள்தான். அந்த முகத்தைப் பார்த்த பிறகு என்ன திட்டுவது?

"யாருக்கும் இல்லன்னு ஒரு பட்டன் இருக்குங்களே?"

"வெதுவெதுப்பு சிஸ்டர் அது, அனலுமில்ல குளிருமில்ல. ஆண்டவருக்கு ஆகாது."

ஆக, ஒருவர் என் பிள்ளையை அவமானப்படுத்தியவனைக் காப்பாற்றியவர், இன்னொருவர் என் ஆண்டவரின் கூரையைப் பிரிக்க வருகிறவர். மூன்றாவதாக ஒருத்தி இருந்தாள், அமுதவல்லி. மொரப்பூர்ப் பக்கம் டீச்சராக இருந்தவள். ஒவ்வொரு தேர்தலிலும் நிற்பாள், டெபாசிட் போகும், மறுபடியும் நிற்பாள். ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்தவள், என் மில் வாசலில் மைக்கை அணைத்துவிட்டு இறங்கினாள். "உங்க பாஸ்டரு ஊர ஏமாத்தறாருன்னு பேசனது நான்தாங்க. சாமி இல்லன்னு சொல்றவ நான். அத மறைச்சுட்டு உங்ககிட்ட ஓட்டு கேக்க மாட்டேன்" என்றாள். என்ன திமிர்! "அப்பறம் என்னாத்துக்கு இங்க வந்தீங்க?" என்றேன். "பஸ் ஸ்டாண்டுல நடந்தத நானும் கேள்விப்பட்டேன். அந்த ஸ்டேஷன்ல புகார எழுத வெக்கறது என் வேலைன்னு சொல்ல வந்தேன்" என்றாள். உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த கவி கையை உதறிவிட்டு வெளியே வந்தாள். அமுதவல்லி போன பிறகும் ஆட்டோ போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆண்டவரே இல்லன்றவளுக்குப் போடச் சொல்றியா?" என்று நானாகவே கத்தினேன்.

"நான் ஒண்ணுமே சொல்லலயேம்மா" என்றாள் அவள்.

ஓட்டு நாள் வரைக்கும் நான் சரியாக ஜெபிக்கவில்லை. முழங்காலில் நிற்பேன், வார்த்தை வராது. ஆமென்னில் முடிக்க வேண்டுமே என்கிற பயத்திலேயே எழுந்துவிடுவேன்.

பள்ளிக்கூடத்து வகுப்பறைதான் பூத். கவிக்கு முதல் ஓட்டு. அவளை முன்னால் விட்டு நான் பின்னால் நின்றேன். வரிசை நகர்ந்து வாசற்படி ஏறியதும் கவி சட்டென்று நின்றாள். உள்ளே பூத் ஏஜெண்டுகள் உட்காரும் பெஞ்சில் தீர்த்தகிரி. நவநீதன் கட்சி ஏஜெண்டாக அவனைத்தான் உட்கார வைத்திருக்கிறார்கள். கவியின் பெயரை அதிகாரி வாசித்ததும் அவனும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான், ருசித்துச் சாப்பிடுகிறவன் போல. எனக்கு உச்சந்தலை வரை பற்றி எரிந்தது. கவி கையெழுத்துப் போட்டாள். மை வைக்க விரலை நீட்டி, உடனே பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். மை வைத்தவர், "பயப்படாத பாப்பா" என்றார். அட்டை மறைப்புக்குப் பின்னால் போய் நின்றாள். எனக்குத் தலை மட்டும் தெரிந்தது. அது அப்படியே நின்றது.

அடுத்து என் பெயர். நான் குனிந்து கையெழுத்துப் போடும்போது தீர்த்தகிரி பெஞ்சிலிருந்தே தலையைச் சாய்த்து, பல் தெரியச் சிரித்து, மெதுவாகக் கேட்டான்:

"ஆமென் தானேங்க்கா?"

யார் அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தாலும் திருப்பிச் சொல்லியே பழகியவள் நான். வாய் திறந்துவிட்டது. வயிற்றிலிருந்து மூச்சு கிளம்பிவிட்டது.

"இல்ல!"

வகுப்பறையே அதிர்ந்தது. வெளியே வரிசையில் பேச்சு நின்றுபோனது. சபையில்கூட நான் இவ்வளவு சத்தமாக எதையும் சொன்னதில்லை. அதிகாரி பேனாவைக் கீழே போட்டுவிட்டு, "அம்மா, இங்க சத்தம் போடக் கூடாது" என்றார். தீர்த்தகிரியின் சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது, அதை என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. மறைப்புக்குப் பின்னாலிருந்து கவி திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்தாள். பீப் சத்தம் நீளமாகக் கேட்டது.

அவள் வெளியே போனாள், நான் மறைப்புக்குள் போனேன். ஆண்டவரே, நீர் கேட்டுக்கொண்டுதானே இருந்தீர், அந்த ஆமென்னையும் இந்த இல்லையையும் கேட்டீரே என்று மனசுக்குள் சொன்னேன். எதிரே பட்டன்கள் வரிசையாக இருந்தன. நவநீதன் பெயருக்கு நேரே போன விரலைத் தூக்கிவிட்டேன். வேறெதன் மேலும் இன்னும் வைக்கவில்லை.

"போ பாப்பா, வாசல்ல நிக்காத" என்று வெளியே போலீஸ்காரர் விரட்டுவது கேட்டது.

"எங்கம்மா உள்ள இருக்காங்க சார்" என்றாள் கவி. "வரட்டும்."