பொழுது சாயாத பொருட்காட்சி

எல்லாரும் சௌக்கியமா? முழங்கால் வலி, இருமல் எல்லாம் தேவலையா? ராத்திரி தூக்கம் வருகிறதா? தூக்கம் வருகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். 1964-ஆம் வருஷம் தை மாதம், செஞ்சியில் திருவண்ணாமலை சாலையோரம் நடந்த பொருட்காட்சியில், வேலிக்கு உள்ளே மட்டும் பொழுது சாயாமல் நின்றுவிட்டது. வெளியே வழக்கம்போல இருட்டியது. அந்த வாரம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விலை கொஞ்சம் இறங்கியிருந்தது.

பொருட்காட்சியை நடத்தியது ராஜகிரி ஒலிபரப்பு பொருட்காட்சி கம்பெனி. கம்பெனி என்றால் தாண்டவராயன்தான். ஒரு மாட்டுவண்டி, ஒரு மைக் செட், வண்டிமேல் ஒரு ஒலிபெருக்கிக் குழாய், இவ்வளவுதான் ஆரம்பத்தில். கல்யாணம், காதுகுத்து, மாதா கோயில் தேர், எழவுச் செய்தி எல்லாவற்றையும் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போவார். ஊரான் சரக்கையே எத்தனை நாள் கூவுவது என்று அலுத்துப்போய், பம்ப் செட்டு, எவர்சில்வர், வளையல், உரம் விற்கிறவர்களை எல்லாம் ஒரு வேலிக்குள் கூட்டி, நடுவில் ஒரு ராட்டினத்தை நிறுத்தி, 1961-இல் பொருட்காட்சி ஆக்கினார். அவர் குரல் ஓட்டைத் தகரம். கூட்டம் வரவில்லை. அப்புறம்தான் பக்கத்து ஊர் வல்லத்தில் மாதா கோயிலில் செபமாலை சொல்லும் மரியசெல்வியின் குரலைக் கேட்டுவிட்டு, அவள் புருஷன் இருதயநாதனிடம் கேட்டு அழைத்துவந்தார். அறுப்பு முடிந்து வேலை இல்லாத மாதம். இரண்டு வயசுக் குழந்தை ஆரோக்கியத்தை மாமியாரிடம் விட்டுவிட்டு, கடைசி நாள் முடிகிறவரை இருக்கிறேன் என்று மாதா பெயரில் வாக்குக் கொடுத்துத்தான் அவள் மைக்கின் முன்னால் உட்கார்ந்தாள்.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மைக்கில் "நாளைக்கும் உண்டு" என்று சொல்லவே கூடாது. நாளை உண்டென்றால் இன்றைக்கு எவன் வருவான்? அதனால் இரண்டாம் நாளிலிருந்தே "இன்றே கடைசி, இன்றே கடைசி" என்பார்கள். நிஜமாகவே கட்டிக்கொண்டு போகிற நாளில் யாருக்கும் ஒன்றும் சொல்லாமல் விடியற்காலையில் மூட்டை கட்டுவார்கள். இதில் யாரும் ஏமாந்ததில்லை. ஊருக்கே தெரியும். சூரியனுக்குத்தான் தெரியாமல் போனது. அன்றைக்குத் தாண்டவராயன், "இன்னிக்கு நெசமாவே கடைசிம்மா" என்று மரியசெல்வியிடம் சொல்லியிருந்தார். குழந்தையை நினைத்துக்கொண்டு அவள் அதை மனசாரச் சொன்னாள். ராஜகிரி மலைக்கு ஒரு முழம் மேலே சூரியன் அப்படியே நின்றது.

ராத்திரியில் வெயில் அடிக்கிறது என்றால் சும்மா இருப்பார்களா? வல்லத்திலிருந்தும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும் பஸ் பஸ்ஸாக வந்தார்கள். பனியில் நனைந்த மல்லாட்டையை வேலிக்குள் பரப்பிக் காயவைத்தார்கள். மேல்சித்தாமூர் ஜைனர்கள் பொழுது சாய்ந்தால் சாப்பிடமாட்டார்கள். வியாபாரத்துக்குப் போய் நேரமாகிவிட்டவர்கள் கட்டுச்சோற்றோடு உள்ளே நுழைந்து, வெயிலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு இருட்டுக்குள் இறங்கி நடந்தார்கள். இது சரியா தப்பா என்று அவர்களுக்குள் ஒரு விவாதம் நடந்தது. பசித்தவர்கள் அதற்குக் காத்திருக்கவில்லை.

உள்ளே வேலை செய்தவர்கள்தான் ஓய்ந்துபோனார்கள். ராட்டினம் சுற்றும் பச்சமுத்து நின்றபடி தள்ளாடினான். வேலிக்கு வெளியே போய்ப் படுத்தாலும் பயனில்லை. கண்ணை மூடினால் இமைக்குள்ளே வெயில் அடித்தது. பஜ்ஜிக் கடை அம்மாக்கண்ணு கரண்டியை ஓங்கிக்கொண்டு வந்தாள்.

"யோவ் தாண்டவராயா, ஒன் பொருட்காட்சியில எல்லாம் இருக்குது, தூக்கம் ஒண்ணுதான்யா இல்ல. அத்த கொஞ்சம் கொண்டாந்து ஒரு கடை போடு. மொத ஆளா நான் வாங்குறேன்."

"கூட்டம் வந்தாலும் கத்துற, வராட்டியும் கத்துற. போய் எண்ணெய பாரு, காயுது."

இருதயநாதன் தினமும் வண்டி கட்டிக்கொண்டு வேலியோரம் வந்து நின்றான். அவன் பக்கம் லாந்தர் வெளிச்சம், அவள் பக்கம் மஞ்சள் வெயில்.

"கெளம்பலாமா?"

"கடைசி நாளு முடியட்டும்ன்றாரு."

"எப்பதான் முடியும்?"

"பொழுது சாஞ்சா."

அவன் தன் தலைக்குமேல் இருந்த நட்சத்திரத்தைப் பார்த்தான். அவள் தலைக்குமேல் இருந்த சூரியனையும் பார்த்தான். "பாப்பா ஒன்ன கேக்குறத உட்டுடுச்சு" என்றான். பிறகு மாட்டைத் திருப்பினான்.

அந்த வார்த்தைதான் அவளை எழுப்பியது. நேராகத் தாண்டவராயனிடம் போனாள். அவருக்கும் கண் இரண்டும் கோவைப்பழமாய்ச் சிவந்திருந்தது.

"அண்ணே, இன்னிக்கே கடைசின்னா சூரியன் எங்கண்ணே போவும்? போனா திரும்பி வர எடம் வேணுமில்ல? நாளைக்கும் உண்டுன்னு ஒரு வார்த்த சொல்லிடறேன். தானா சாஞ்சுடும்."

"தொழில்ல இதுவரைக்கும் எவனும் சொன்னதில்லம்மா."

"எவனுக்கும் பொழுதும் இப்பிடி நின்னதில்லண்ணே."

"சொல்லிட்டா நாளைக்கு வந்து கூவறது யாரு? நீ வண்டியேறி போயிடுவ. கொரல இங்க வச்சிட்டுப் போறியா?" அவர் சலிப்பில் குத்தலாகத்தான் கேட்டார்.

மரியசெல்வி சாலையில் தள்ளிப் போய்க்கொண்டிருந்த லாந்தர் வெளிச்சத்தைப் பார்த்தாள். "வச்சிட்டுப் போறேன்" என்றாள்.

மைக்கைத் துடைத்து வாயருகே வைத்துக்கொண்டாள். "நாளைக்கும் உண்டு. எல்லாரும் வூட்டுக்குப் போயி படுங்க. நாளைக்கும் உண்டு." அவள் சொன்னது அவ்வளவே. நுகத்தடியிலிருந்து அவிழ்த்துவிட்ட மாடு தொட்டிக்குப் போவதுபோல சூரியன் ராஜகிரிக்குப் பின்னால் இறங்கியது. அம்மாக்கண்ணு கையில் கரண்டியோடு உட்கார்ந்தபடியே குறட்டை விட்டாள். ராட்டினம் அதுவாக ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. மரியசெல்வி போய்வருகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, லாந்தரைப் பார்த்து ஓடி இருதயநாதன் வண்டியில் ஏறினாள்.

மறுநாள் சாயங்காலம், மைக்கின் முன்னால் யாருமே இல்லாதபோது, குழாய் "நாளைக்கும் உண்டு" என்றது. தாண்டவராயன் பேட்டரியைக் கழற்றினார். அப்போதும் சொன்னது. குழாயையே இறக்கி வண்டியில் போட்டுத் திண்டிவனத்துக்குக் கொண்டுபோனார். குரல் அதோடு போகவில்லை, அந்தத் திடலிலேயே தங்கிவிட்டது. அதற்குப்பின் எந்த ஊரிலும் "இன்றே கடைசி" என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கடைக்காரர்கள் ஒவ்வொருவராகப் பிரிந்தார்கள். ராட்டினத்தைப் பச்சமுத்துவே எடுத்துக்கொண்டான். 1968-இல் கம்பெனிப் பலகையை அம்மாக்கண்ணு பஜ்ஜிக்கடைக்குக் கூரைத்தடுப்பாக வாங்கிக்கொண்டாள். திடலில் மறுபடி மல்லாட்டை போட்டார்கள். குரல் மட்டும் தினமும் வந்தது. அதைக் கேட்டுக் கடைத்தெருவில் விளக்கேற்றினார்கள். ஜைனர்கள் சோற்றுக்கு எழுந்தார்கள். கடைசி பஸ் டிரைவர் அணைத்த பீடியைக் காதில் செருகிக்கொண்டு ஏறினார்.

வல்லத்தில் குழந்தை முதல் நாள் அம்மாவிடம் வரவில்லை. "பேசு" என்றது. மரியசெல்வியால் முடியவில்லை. சாயங்காலம் காற்று கிழக்கே திரும்பியபோது செஞ்சிப் பக்கமிருந்து குரல் வந்தது, அவள் விட்டுவிட்டு வந்தபோது இருந்த அதே கரகரப்போடு. குழந்தை காற்றைப் பார்த்தது, அம்மா வாயைப் பார்த்தது, மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது. இருதயநாதன் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அவள் மடமடவென்று குடித்தாள். அங்கே செஞ்சித் திடலில் குரலின் கரகரப்பு நீங்கியது. அன்றுமுதல் தினமும் பொழுது சாய்கிற நேரத்துக்கு அவன் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்துவிடுவான்.

உங்கள் ஊரில் எந்தக் குரலைக் கேட்டு விளக்கேற்றினார்கள்? சாவகாசமாக எழுதுங்கள். நாளைக்கும் உண்டு.