ஸ்டிக்கர் இருந்த இடம்

வேலையைத் தொடங்குவதற்கு முன்னால் வண்டியில் இருக்கும் கோளாறு ஒவ்வொன்றையும் சொந்தக்காரருக்குக் காட்டிவிடுவது என் வழக்கம். பட்டுத் தெரிந்துகொண்டது. ஒருமுறை காட்டாமல் விட்ட கீறல் ஒன்றுக்காக ஒரு வக்கீல் என்னை இரண்டு மாதம் உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார். அதிலிருந்து கதவில் நகம் பட்ட தடத்தைக்கூட டார்ச் அடித்துக் காட்டிவிட்டுத்தான் பாலிஷ் மெஷினைக் கையில் எடுப்பேன். அன்றைக்கும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

சிவப்புக் கார். ஒரு டீச்சர் காலையிலேயே கொண்டுவந்திருந்தார். மறுநாள் அவர் கணவருக்குப் பிறந்தநாளாம். அவருக்குத் தெரியாமல் பாலிஷ் போட்டு, மேலே நிறம் மங்காமல் காக்கும் கோட்டிங்கும் கொடுத்து, புதுசாக நிறுத்த வேண்டும். வந்ததும் வராததுமாகப் பின்கதவின் இடது ஓரத்தைக் காட்டினார். வெள்ளை ஸ்டிக்கரில் ஒரு குடும்பம் வரிசையாக நின்றது. அப்பா, அம்மா, இரண்டு பையன்கள்.

"அண்ணா, இதுக்கு மட்டும் ஒண்ணும் ஆகக் கூடாது. போன வருஷம் எங்க பசங்களே ஒட்டினது. இது போச்சுன்னா என்னை வீட்டுக்குள்ளயே விட மாட்டாங்க."

"கவலைப்படாதீங்கம்மா. சுத்தி டேப் ஒட்டிருவேன். ஓரத்துல மெஷினே போகாது, கையாலதான் தேய்ப்பேன்."

நான் கழுவிக்கொண்டிருந்தபோது அவர் விடைத்தாள் கட்டைப் பிரித்துத் திருத்திக்கொண்டே வண்டியின் கதையைச் சொன்னார். கணவருக்கு ஐந்து வருடம் வெளியூரில் வேலை. வண்டியை அங்கேதான் வாங்கினாராம். மாதம் ஒருமுறை ரயிலில் வந்துபோவார். போன வருடம் மாற்றல் கிடைத்த பிறகுதான் வண்டியும் வீட்டுக்கு வந்தது.

"அஞ்சு வருஷம் தனியா சமைச்சு சாப்பிட்டு, பாவம், பாதியா இளைச்சுட்டார்" என்றார்.

சிவப்பைப் போல வெயிலுக்கு வெளுக்கும் நிறம் வேறு கிடையாது. பின்கதவைத் துடைத்துவிட்டு வலது பக்கமாக டார்ச்சைச் சாய்த்ததும் எனக்கு எரிச்சலாக வந்தது. யாரோ பழைய ஸ்டிக்கர் ஒன்றை உரித்திருக்கிறார்கள். நாளைக்குப் பழி என் தலையில் விழும்.

"அம்மா, கொஞ்சம் வர்றீங்களா? இதைப் பாத்துக்கங்க. அப்புறம் நான் பண்ணினதுன்னு சொல்லிரக் கூடாது."

டீ கிளாஸோடு வந்தார். எனக்கோ வாய் சும்மா இருக்காது.

"இங்க ஒரு ஸ்டிக்கர் ரொம்ப வருஷம் இருந்திருக்கு. அடியில வெயில் படல, அதான் அந்த இடம் மட்டும் பழைய சிவப்பாவே நிக்குது. இது ஆம்பளை. இது பொம்பளை. நடுவுல ரெண்டு பேர் கையையும் புடிச்சுக்கிட்டு, ரெட்டை ஜடையோட ஒரு சின்னப் பொண்ணு. கீழ எழுத்துகூடத் தெரியுது பாருங்க. அப்பா, அம்மா, பாப்பா. உங்களுக்குப் பொண்ணும் உண்டாம்மா?"

கேட்டு முடித்த பிறகுதான் என்ன கேட்டேன் என்பது எனக்கே உறைத்தது. டீ கிளாஸ் சாய்ந்து, சூடான டீ அவர் விரல்களில் வழிந்தது. அது அவருக்குத் தெரியவே இல்லை. அவசரமாகச் சமாளித்தேன்.

"செகண்ட்ஹேண்டா வாங்கியிருப்பார். பழைய ஓனர் யாராவது ஒட்டியிருப்பாங்கம்மா."

"புதுசு" என்றார். "ஷோரூம்ல சாவி வாங்கின போட்டோ அனுப்பினார். அதை ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டியிருக்கேன்."

அடப்பாவி என்று மனதுக்குள் திட்டினேன். அந்த ஆளையா, என்னையா, தெரியவில்லை. கீறலைக் காட்டிக் காட்டியே பழகிய வாய், ஒருத்தியின் வாழ்க்கையையும் அதே குரலில் விரலை வைத்துக் காட்டிவிட்டதே. கொஞ்சம் தேய்த்திருந்தால் முக்கால்வாசி மறைந்திருக்கும்.

"நல்லாத் தேய்ச்சா போயிடும்மா" என்றேன்.

அவர் குந்தி உட்கார்ந்து அந்தப் பெண்ணின் ஜடையை விரலால் தடவினார்.

"எத்தனை வருஷம் ஒட்டியிருந்திருக்கும்?"

"நாலு வருஷமாவது இருக்கும்."

விரல் விட்டு எண்ணினார். "அப்ப என் சின்னவன் கைக்குழந்தை."

கைபேசி அடித்தது. திரையைப் பார்த்த அவர் முகத்திலிருந்தே யார் என்று தெரிந்தது. எடுத்துப் பேசிய குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. எனக்கு அதுதான் பெரிய அதிர்ச்சி.

"ஸ்கூல்லதான் இருக்கேன். வர்றப்ப பால் வாங்கிட்டு வந்துருங்க."

வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணா, அந்தக் கோட்டிங் எத்தனை வருஷம் நிக்கும்?"

"நல்லாப் பாத்துக்கிட்டா அஞ்சு வருஷம்."

"அப்ப இந்த இடத்தையும் சுத்தி இருக்கற வெளுப்பையும் தேய்க்காதீங்க. டேப் ஒட்டி விட்டுட்டு மத்ததெல்லாம் பளிச்சுன்னு பண்ணுங்க. கடைசில இது மேலயும் கோட்டிங் போடுங்க."

"அம்மா..."

"பசங்க ஒட்டினதை எடுக்க வேணாம். ரெண்டும் இருக்கட்டும். நாளைக்கு அவருக்குச் சாவி குடுக்கணும்."

நான்கு மணிக்குக் கோட்டிங்கைத் தடவினேன். மூன்று பேரும் ஈரச் சிவப்பில் இன்னும் தெளிவாக எழுந்து வந்தார்கள். காயும்வரை தூசி படக் கூடாது என்று பழக்கத்தில் சொல்லிவைத்தேன். அவர் நாற்காலியை வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போட்டு, விடைத்தாள் கட்டை மடியில் வைத்துக்கொண்டார். தெருவில் லாரி வரும்போதெல்லாம் எழுந்து, துப்பட்டாவை இரண்டு கையாலும் விரித்து, அந்த மூன்று பேரையும் மறைத்தபடி நின்றார்.