டயர் பேஸ்ட்டும் இருநூற்று நாற்பதாவது நாளும்

சூடம் அணைத்துச் சொல்லச் சொன்னாலும் சரி, பெற்ற பிள்ளை தலையில் கைவைத்துச் சொல்லச் சொன்னாலும் சரி, இதில் வருகிற ஒரு சொல்லும் பொய் கிடையாது. 1986ஆம் வருடம் ஆகஸ்டு பன்னிரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, ஓசூர் பக்கத்துப் பேரிகை ஊரில் எல்லாருக்கும் வந்தது. வெங்கடப்பனுக்கு மட்டும் வரவில்லை. திங்கட்கிழமை படுத்தவன் புதன்கிழமை காலையில் எழுந்து பல் விளக்கினான். நடுவில் ஒரு பகலும் ராத்திரியும் அவன் பாயில் இல்லை என்றும், பாய் மட்டும் வழவழவென்று கிடந்தது என்றும் அவன் பெண்டாட்டி சென்னம்மாள் சொன்னாள்.

வெங்கடப்பன் ஓசூர் தொழிற்பேட்டையில், மொபெட்டுக்குச் சக்கரம் கோர்த்து அனுப்புகிற ஒரு கம்பெனியில் டெம்ப்ரவரி. ரிம்மில் டயர் ஏற்றுவது வேலை. இருநூற்று நாற்பது நாள் சேர்ந்தாற்போல வேலை செய்தவன் பர்மனெண்ட் என்பது தொழிற்பேட்டையில் டீ ஆற்றுகிறவர் முதல் பஸ் கண்டக்டர் வரைக்கும் தெரிந்த சட்டம். கம்பெனிக்கும் தெரிந்திருந்ததால், இருநூற்று முப்பத்தொன்பதாம் நாள் சாயங்காலம் கையில் ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டு, பதினைந்து நாள் கழித்துப் புது ஆளைச் சேர்ப்பதுபோலத் திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள். பர்மனெண்ட் ஆனால் நீல யூனிபாரம், கேன்டீன் சாப்பாடு, பேரிகையிலேயே நின்று ஏற்றிக்கொண்டு போகிற கம்பெனி பஸ். வெங்கடப்பன் முன்னே களை வெட்டிக்கொண்டிருந்த தோட்டத்துக்காரரின் மகன் அந்தப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போவான். வெங்கடப்பன் தக்காளி வேனில் தொங்கிக்கொண்டு அதே பஸ்ஸின் புகையைக் குடித்துக்கொண்டே பின்னால் போவான். அந்தப் பஸ்ஸில் ஒருநாள் உட்கார வேண்டும், அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சூப்பர்வைசர் திம்மப்பன் வீட்டில் தெலுங்கும் கம்பெனியில் தமிழும் பேசுகிற மனுஷன், கெட்டவர் இல்லை. "ஏமப்பா வெங்கடப்பா, ஷிப்டுக்கு அறுபது சக்கரம் ஏத்து. உன் சீட்டை நானே கிழிச்சிப் போட்டுடறேன்" என்றார். வெங்கடப்பன் நாற்பதுக்கு மேல் தாண்டியதில்லை. வீட்டிலேயே பழகிக்கொள்வோம் என்று ஒரு ஓட்டை ரிம்மையும் தேய்ந்த டயரையும் வாங்கி வந்து வாசலில் போட்டான். பஞ்சர் கடைக்காரர்கள் போலச் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தான், சரிப்படவில்லை. அதனால் டயர் விளிம்பில் தடவுகிற பேஸ்ட்டைத் தினமும் கொஞ்சம் தூக்குப்போசியில் போட்டுக் கொண்டுவந்தான். ஈரமாக இருக்கும்வரை வழுக்கும், டயர் ஏறி உட்கார்ந்ததும் காய்ந்து கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பேஸ்ட்டின் குணம் அதுதான். ஆனால் சென்னம்மாள் கண்ணுக்கு அது காய்வது வீணாகப் போவதாகத் தெரிந்தது. விருந்தாள் வந்தால் குழம்பில் ஒரு சொம்பு தண்ணீர் சேர்க்கிற கை. வீட்டில் ஆட்டிய ஆமணக்கெண்ணெயை அரைப்படி ஊற்றிக் கலக்கி, "இனி காயாது. ஒரு வருசத்துக்கு வரும்" என்றாள்.

அதற்குப் பிறகு அது காயவே இல்லை. டயர் ரிம்மைப் பார்த்ததும் லீவர் இல்லாமலே தானாக ஏறி உட்கார்ந்தது. வெங்கடப்பன் கம்பெனியில் அறுபத்து நாலு சக்கரம் ஏற்றினான். திம்மப்பன் சொன்ன சொல் தவறாமல் அவன் கண் முன்னாலேயே சீட்டைக் கிழித்தார். ஆனால் பிரஷ் இல்லாமல் வெறுங்கையால் தடவிய பேஸ்ட் அவன் தோலில் ஊறிப்போயிருந்தது. நெற்றியில் வைத்த திருநீறு மூக்கு வழியாக இறங்கியது. மழையில் நடந்தால் ஒரு சொட்டு அவன்மேல் தங்காது. களி உருண்டை தொண்டையில் நிற்காமல் போனதில் அவனுக்குச் சாப்பிட்டோமா என்றே சந்தேகம் வந்தது. இதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை, அவனுடைய இருநூற்று நாற்பதாவது நாளான அந்தச் செவ்வாய்க்கிழமை வழுக்கிக்கொண்டு போகிறவரைக்கும்.

"நேத்து வந்திருந்தா ஆர்டரே கையில குடுத்திருப்பேனேப்பா! வரலியே, நான் என்ன பண்றது?" என்று திம்மப்பன் நிஜமாகவே வருத்தப்பட்டார். பதினைந்து நாள் கழித்து ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தார்கள்.

சென்னம்மாள் சாம்பலால் தேய்த்தாள், புளியால் தேய்த்தாள், செங்கல்லை உடைத்துத் தேய்த்தாள். தோல்தான் உரிந்தது. அடுத்த இருநூற்று நாற்பதாவது நாள் 1987 ஏப்ரல் இருபத்து நாலு, வெள்ளிக்கிழமை. வீட்டில் விட்டால்தானே நாள் வழுக்கிக்கொண்டு போகும் என்று முந்தின நாளே அவனைக் கூட்டிக்கொண்டு போய்க் கம்பெனி கேட்டோரமாக உட்கார்ந்தாள். விடிந்ததும் பக்கத்துத் தோசைக்கடை அடுப்பில் களி கிண்டி, போசியில் போட்டு அவன் கையில் கொடுத்து, இன்னொரு கையின் மணிக்கட்டைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சங்கு ஊதியது. கேட்டைத் திறக்க வந்த வாட்ச்மேன் கருப்பசாமி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் கைக்குள் மணிக்கட்டு இல்லை.

"ஏ தாயி, இப்பந்தான இங்ஙன நின்னாரு?" என்றார் கருப்பசாமி. அவர் கோவில்பட்டிப் பக்கத்து ஆள்.

"நின்னாருங்கண்ணா."

அந்தப் பகல் முழுக்க, ராத்திரி முழுக்க அவள் அதே இடத்தில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். சனிக்கிழமை காலைச் சங்குக்கு, விட்ட இடத்திலேயே வெங்கடப்பன் நின்றான். போசியில் களி ஆவி பறந்துகொண்டிருந்தது.

"எங்கயா போயிருந்தே?"

"எங்க போனேன்? கையப் புடிச்சிட்டுத்தானே நிக்கறே. நீ ஏன் அழுவறே?"

"எண்ணெ ஊத்தினது நானு" என்றாள் சென்னம்மாள். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. உள்ளே போனான், திம்மப்பன் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுபடியும் பதினைந்து நாள்.

88இல் அவள் அவன் காலில் மாம்பிசின் பூசினாள். பிசின் மட்டும் தரையில் நின்றது. 89இல் சூளகிரிப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டாள். அதற்கப்புறம் எதுவும் செய்யவில்லை. மற்றவர்களுக்குச் சீட்டு அடிக்கக் காகிதம் செலவாகிறது, வெங்கடப்பனுக்கு அதுவும் இல்லை என்று ஆபீசில் திருப்திப்பட்டார்கள். திம்மப்பன் ரிடையர் ஆனார். தோட்டத்துக்காரர் மகனுக்கு ஜன்னலோரத்திலேயே தலை நரைத்தது. 94இல் டயர் ஏற்ற மிஷின் வந்தது. வெங்கடப்பனை மிஷினைத் துடைக்கிற வேலைக்கு மாற்றினார்கள், அதுவும் டெம்ப்ரவரி. ஊரில் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. அந்த நாள் வந்தால் சென்னம்மாள் ஒரு ஆளுக்கு மட்டும் களி கிண்டுவாள். மறுநாள் இரண்டு ஆளுக்குக் கிண்டுவாள்.

இரண்டு வருடத்துக்குள் மொத்தம் நானூற்று எண்பது நாள் வேலை செய்தவர் பர்மனெண்ட், முதலாளி நடுவில் நிறுத்தி வைத்தது இடைவெளி ஆகாது என்று தமிழ்நாட்டில் 1981லேயே இன்னொரு சட்டம் இருந்தது; அது டீ ஆற்றுகிறவருக்கும் தெரியாது, பஸ் கண்டக்டருக்கும் தெரியாது. அதன்படி வெங்கடப்பன் 1987 முடிவதற்குள் பர்மனெண்ட்.