மலைக்கு அந்தப் பக்கத்து வெயில்

மலைக்குக் கிழக்கே இருந்தது ஜெயமதியின் வீடு. பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடக் கூடாது என்ற சமண நயினார் வீட்டு நியமத்துக்கு, அவள் மாமனார் காலத்திலிருந்தே மலைதான் கடிகாரம். சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு கணவர் நேமிநாதன் கொல்லையில் நின்று அண்ணாந்து பார்ப்பார். "மறைஞ்சிட்டான்" என்பார். அதோடு அடுப்படி மூடிவிடும்.

மகன்களுக்கும் மருமகளுக்கும் பரிமாறி முடிக்கும் ஜெயமதி மட்டும் அநேக நாள் பட்டினி. "புண்ணியவதி" என்பாள் எதிர்வீட்டு மருதேவி. அதைக் கேட்கையில் வயிறு எரிந்தாலும் உள்ளே எங்கோ இனிக்கும். அந்த இனிப்பிலேயே ஐம்பத்தைந்து வயதாகிவிட்டது.

எண்பத்திரண்டாம் வருஷம், தயிர்க்காரி பொன்னியின் பேத்திக்குக் காது குத்து என்று மலைக்கு மேற்கே இருக்கும் அடி அண்ணாமலைக்குப் போயிருந்தாள். புறப்படுகிற நேரத்தில் பொன்னி தாம்பூலத்தோடு வாழைப்பழம் கொடுத்தாள்.

"பொழுது போயிருக்கும் பொன்னி, நான் சாப்பிடக் கூடாது."

"மூஞ்சில வெயில் அடிக்குது, பொழுது போச்சுன்றீங்களே."

ஜெயமதி திரும்பினாள். வயலுக்கு மேலே சூரியன் சாவகாசமாக நின்றுகொண்டிருந்தான்.

"உங்க பக்கம் மலை மறைச்சிக்கும். இங்க இருட்ட இன்னும் நேரம் ஆவும். ஏம்மா, சூரியன இன்னிக்குத்தான் பாக்கறீங்களா?"

ஜெயமதிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை வரப் பார்த்தது. இரண்டுக்கும் இடையில் பழத்தை உரித்துத் தின்றுவிட்டாள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது நேமிநாதன் நம்பவில்லை. "அப்பா வெச்ச கணக்கு. தப்பா இருக்குமா?"

"தப்புன்னு சொல்லலீங்க. அவரு சாப்பிட்டு முடிச்சிட்டுப் பாத்தாரு, அதான் கவனிக்கல."

மறுநாள் முதல் காலண்டரில் போட்டிருந்த அஸ்தமன நேரம்தான் கணக்கு என்று முடிவானது. ஜெயமதி காலையிலிருந்தே சந்தோஷமாக இருந்தாள். ஆனால் மாலையில், "அதான் டைம் இருக்கே" என்று நேமிநாதன் இன்னொரு அடை கேட்டார். மகன்கள் ஆடி அசைந்து வந்தார்கள். கடைசி அடையை அவள் திருப்பிப் போட்டபோது வெளியே நிஜமாகவே இருட்டிவிட்டது.

காலித் தட்டைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பாவம், மலை என்ன செய்யும்? தட்டை எடுத்துவைத்து உட்கார வேண்டியவள் அவள்தான். உட்கார்ந்தால் அப்புறம் யாரும் புண்ணியவதி என்று சொல்ல மாட்டார்கள். அந்தப் பெயரை விட்டுவிட மனசு வராமல்தான் இத்தனை காலம் சூரியனைச் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தாளோ என்று தோன்றியது.

அடுத்த நாள் வெயில் இறங்கும் முன்பே முதல் தட்டைத் தனக்குப் போட்டுக்கொண்டாள். முதல் வாயை எடுக்கையில் திருடுவது போல இருந்தது.

நேமிநாதன் வாசற்படியில் நின்றார். "என்ன, உடம்பு சரியில்லையா?"

"பசிக்குது."

"எங்களுக்கு?"

"அடுப்பு மேல இருக்குது. அதை எந்த மலையும் மறைக்கலீங்க."

உள்ளே வந்தார். பிறகு தானே தட்டெடுத்துப் போட்டுக்கொண்டு அவளுக்கு எதிரில் உட்கார்ந்தார். ஒரு வாய் தின்றதும் முகத்தைச் சுளித்தார்.

"குழம்புல உப்பு கம்மி."

"ஆமாங்க," என்றாள் ஜெயமதி. "இன்னிக்கு நானும் சூடா சாப்பிட்டேனே, அதான் தெரியுது."

எழுந்திருக்காமலே உப்பு ஜாடி இருந்த மாடத்தைக் காட்டினாள்.