வேரா, தண்டா

ஓகினோ ஃபுமியே களையைப் பிடுங்கினாள். பிடுங்கியது பாதியில் அறுந்தது. மீதி மண்ணுக்குள் இருந்துகொண்டு, அடுத்த வாரம் மூன்றாக முளைக்கும். தொக்குதாமிச் செடியின் குணம் அது. இதய வடிவ இலை, சின்ன வெள்ளைப் பூ, பார்க்க நல்ல குடும்பத்துப் பிள்ளை மாதிரி இருக்கும். கசக்கினால் மீன் கழுவிய தண்ணீர் நாற்றம். சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் கை சாப்பாட்டு நேரம் வரைக்கும் நாறும்.

அது பக்கத்து வீட்டு ஹிராய்வாவின் முற்றத்திலிருந்து சுவருக்கு அடியில் நுழைந்து, அவளுடைய ரோஜாக்களின் காலடிக்கும் ஐரிஸ் பூப்பாத்திக்கும் வந்து சேர்ந்திருந்தது. ஹிராய்வா வீட்டில் அதை யாரும் பிடுங்குவதில்லை. அவர் அதை அறுத்துக் காயவைத்துத் தேநீர் போட்டுக் குடிக்கிறவர். பத்து நோய்க்கு மருந்து என்பார். நகராட்சி வரிப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். சட்டம் இடம் கொடுக்காவிட்டால் தும்மக்கூட மாட்டார்.

ஜூன் முதல் ஞாயிறு பூந்தோட்டச் சங்கத்துப் பெண்கள் தோட்டம் பார்க்க வருவார்கள். போன வருஷமும் வந்தார்கள். தலைவி குமகாயி ஒரு சுற்றுச் சுற்றிவந்து, கையால் வாயை மறைத்துக்கொண்டு, "இயற்கையா இருக்கு, இல்ல?" என்றாள். அந்த ஜப்பானிய ஊரில் அதற்குமேல் திட்டத் தேவையில்லை. மற்றப் பெண்கள் குனிந்து தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். குமகாயியின் வீடு ஹிராய்வாவுக்கு அந்தப் பக்கம். 'எங்க தோட்டத்துல களைன்னு ஒண்ணு தலைகாட்டினதே இல்ல' என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லுவாள்.

இந்த வருஷம் அந்த 'இயற்கையா' மட்டும் காதில் விழக் கூடாது. ஃபுமியேவுக்கு வேறு வேண்டுதல் இல்லை. சுவரை எட்டிப் பார்த்து, மரியாதைக்கு ஒரு 'சான்' சேர்த்துக் கூப்பிட்டாள்.

"ஹிராய்வா சான், உங்க தொக்குதாமி என் பாத்திக்கு வந்துடுச்சு."

அவர் கூரை விளிம்பில் தொங்கிய தொக்குதாமிக் கட்டுகளை வெயிலுக்குத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார். "பக்கத்து மனையிலேருந்து கிளை வந்தா, வெட்டச் சொல்லி சொந்தக்காரன்கிட்ட கேக்கணும். வேர் வந்தா கேக்கவே வேணாம், நீங்களே வெட்டிக்கலாம். சிவில் சட்டம், ஓகினோ சான். தாராளமா வெட்டுங்க."

"வெட்டினா ஒவ்வொரு துண்டும் முளைக்குதே!"

"அதைப்பத்திச் சட்டத்துல ஒண்ணும் சொல்லல."

அன்று மத்தியானம் அவள் நூலகத்தில் இருந்தாள். மறுநாள் காலை அவர் வாசலில் நின்றாள், கையில் அரக்குத் தட்டோடு. தட்டில் மடித்த காகிதம். காகிதத்தின் மேல், விருந்தாளிக்கு இனிப்பு வைப்பதுபோல, மண் கழுவிய வெள்ளைத் துண்டு ஒன்று.

"இது என்னன்னு சொல்லுங்க."

"இனிப்புன்னு நெனைச்சேன். வேர்."

"கண்ணாடி போட்டுப் பாருங்க. கணு இருக்கா? கணுவுல மொட்டு இருக்கா? கீழ மயிர் மாதிரி தொங்குதே, அதுதான் வேர். இது தண்டு. மண்ணுக்குள்ள படுத்துக்கிட்டே ஓடுற தண்டு. இஞ்சி மாதிரி."

"சரி, அதனால?"

"தண்டுலேருந்து பிரிஞ்சு போற தண்டுக்குப் பேரு என்ன, ஹிராய்வா சான்?"

அவர் முகம் பல்வலிக்காரன் முகம் மாதிரி ஆனது. "கிளை."

"கிளை வந்தா யாரு வெட்டணும்?"

கதவு சாத்திக்கொண்டது. நாள் முழுக்க அவர் பூதக்கண்ணாடியோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்ததை ஃபுமியே பார்த்தாள். சண்டைக்கு வருவார் என்று தயாராக இருந்தாள். சாயங்காலம் தட்டு திரும்பி வந்தது. வந்த தட்டை வெறுமனே திருப்பக் கூடாதே, அதனால் அதில் ஒரு பொட்டலம் தொக்குதாமித் தேயிலை.

"என் கிளைதான். நாளையிலேருந்து வர்றேன்."

வந்தார். விடியும்போதே வந்தார். அவள் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே விறைப்பாக நின்று, "வேலையைத் தொடங்குகிறேன்!" என்று அறிவித்துவிட்டுத்தான் மண்ணைத் தொட்டார். தினமும் இதே கதை. ஆனால் வேலை சுத்தம். மண்டியிட்டு மண்ணைக் கிளறி, சல்லடையில் சலித்து, நூல் அளவு தண்டுகூட விடாமல் பொறுக்கினார். ரோஜா வேர் ஒன்றுகூட அசையவில்லை. ஃபுமியே கொட்டாவி விட்டுக்கொண்டே அவருக்குத் தேநீர் கொடுத்தாள். ஜெயித்தவளுக்குத் தூக்கம் ஒரு பொருட்டா?

கடைசியில் வாசல் கதவோரம் மட்டும் ஒரு திட்டு பாக்கி. அங்கே வந்ததும் அவர் சல்லடையைக் கவிழ்த்துவிட்டார்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"மொட்டு விட்டிருக்கு. பூத்திருக்கும்போது அறுத்தாத்தான் மருந்து."

"இது என் தோட்டம்!"

"மண்ணு உங்களுது. கிளை என்னுது. என் கிளையில பூக்குறது என் சொத்து. நீங்கதானே சொன்னீங்க?"

"ஞாயித்துக்கிழமை ஆளுங்க வர்றாங்க!"

"ஞாயித்துக்கிழமை பூத்துடும். அன்னைக்கே அறுத்துடறேன்."

அவளே பிடுங்கியிருக்கலாம். பிடுங்கினால் அறும், அறுந்தால் முளைக்கும், கூடவே திருட்டுப் பட்டமும் வரும். பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டாள்.

ஞாயிறன்று ரோஜாக்கள் கொட்டிப் பூத்திருந்தன. சங்கத்துப் பெண்கள் குடையும் தொப்பியுமாக வந்தார்கள். வாசலிலேயே ஹிராய்வா, கையில் அரிவாள், பக்கத்தில் கூடை, குத்துக்காலிட்டு அறுத்துக்கொண்டிருந்தார். ரோஜா வாசனைக்கு முன்னால் மீன் நாற்றம் போய் எல்லோரையும் வரவேற்றது. குமகாயி கைக்குட்டையை மூக்கில் வைத்தாள். கைக்குட்டை கீழே இறங்கியது, சிரிப்பு மேலே வந்தது. உதட்டில் 'இ' உருவாவதை ஃபுமியே பார்த்துக்கொண்டே நின்றாள்.

"குமகாயி சான்!" ஹிராய்வா எழுந்து அரிவாளோடு குனிந்து வணங்கினார். "நல்ல வேளை வந்தீங்க. உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

"எங்கிட்டயா? எதுக்கு?"

"உங்க வீட்டுப் பின்பக்கம், கேஸ் மீட்டர்லேருந்து பின்வாசல் வரைக்கும் என் தொக்குதாமிதான். நீங்க கறுப்புத் தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருக்கீங்களே, அதையும் கிழிச்சுக்கிட்டு வந்துடுச்சு. இத்தனை வருஷம் வேருன்னு நெனைச்சு சும்மா இருந்துட்டேன். ஓகினோ சான்தான் என் கண்ணைத் தொறந்தாங்க. அது கிளை. என் கடமை. நாளைக்குக் காலையிலேருந்து வந்துடறேன்."

குடைகள் எல்லாம் குமகாயி பக்கம் திரும்பின.

"பின்பக்கம்... அங்க யாரும் போறதில்ல..." என்றாள் அவள்.

ஃபுமியே கையால் வாயை மறைத்துக்கொண்டாள். "இயற்கையா இருக்கும், இல்ல?"

இந்தத் தடவை செருப்பைக் குனிந்து பார்த்தவள் குமகாயி.

திங்கட்கிழமை விடியலில் ஒரு வீடு தள்ளி, "வேலையைத் தொடங்குகிறேன்!" என்ற குரல் கேட்டது. உடனே ஒரு ஜன்னல் படாரென்று அடித்துச் சாத்திய சத்தம். ஃபுமியே புரண்டு படுத்துக்கொண்டாள்.

ஹிராய்வா வாசலோரம் மேலே அறுத்தாரே தவிர, அடியைத் தோண்டவில்லை. மழை பிடித்ததும் இதய வடிவில் புது இலை ஒன்று எட்டிப் பார்த்தது. ஃபுமியே அதைத் தாண்டிப் போனாள். அடுத்தவர் சொத்தில் அவள் கை வைப்பதில்லை.