சம்பந்தி பல்லில் ஒரு சில்லு

சாணைக் கல் சீறிக்கொண்டு சுற்றியது. கல்லுக்கும் கத்திக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளிதான். ஷாயிர்குல் சுவிட்சைத் தேடி நேரத்தை வீணாக்கவில்லை. ஒயரைப் பிடித்து ஒரே இழுப்பு. பிளக் கழன்று தரையில் விழுந்தது. கல் முனகியபடி வேகம் குறைந்தது.

"கத்தியைக் குடு, தாஷ்தான்."

சாணைக்காரன் தாஷ்தான் கொடுக்கவில்லை. சிரித்தான்.

"பொக்கை விழுந்த கத்தி வந்தா தேய்ச்சு நேராக்குறது என் பொழப்பு தாயே. நீ கத்தி செய்ய ஆரம்பிச்சதுலேருந்து எனக்கு வேலைக்குப் பஞ்சமே இல்ல."

"நீ தேய்க்கப் போறது பொக்கையை இல்ல. என் சாட்சியை."

கோச்கோர் ஊரின் சனிச் சந்தை உச்சத்தில் இருந்தது. ஆடுகளின் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதே கேட்காது. ஆனாலும் பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அவன் விரல்களுக்கு நடுவிலிருந்து கத்தியை உருவிக்கொண்டாள். மடக்குக் கத்தி. கைப்பிடி வாதுமை மரம். அலகின் அடியில் வளைந்த மலையாட்டுக் கொம்பு, அவளுடைய முத்திரை. வாயின் நடுவில் அரிசி முனை அளவுக்கு ஒரு பிறைவடிவச் சில்லு பெயர்ந்திருந்தது. பெயர்ந்த இடத்தைக் கல் இன்னும் தொடவில்லை.

மூச்சு வந்தது.

"யார் குடுத்தது இதை?"

"நான்தான் அக்கா." பின்னால் இரண்டு கையிலும் எண்ணெயில் பொரித்த பூர்சோக் பொட்டலத்தோடு நின்றான் அல்மாஸ். இருபது வயது. சாரிபாயின் இளைய மகன். "அப்பா உங்களைக் காலையிலேருந்து திட்டிக்கிட்டு இருக்காரு. ஆனா நாளைக்கு நான் மந்தையோட கெளம்பணும். எனக்கு வேற கத்தி கைக்கு ஒத்துவரல."

"ஒங்கப்பன் என் கடையை மூடணுங்கறான். நீ என் கத்தியை விடமாட்டேங்கற. வீட்டுல பேசிக்கிறதே இல்லையா?"

"பேசினா அடிப்பாரு."

போன ஞாயிற்றுக்கிழமைதான் அல்மாஸின் அண்ணனுக்குக் கல்யாண விருந்து. பெண்ணைப் பெற்றவர் கச்கின்பாய், ஜும்காலில் நானூறு குதிரை வைத்திருப்பவர். முதல் மரியாதையாக ஆட்டுத்தலை அவர் முன்னால் வைக்கப்பட்டது. இரண்டாவது வாய் மெல்லும்போது 'கடக்'கென்று சத்தம். துப்பினால் உள்ளங்கையில் பாதிப் பல்லும் ஒரு இரும்புச் சில்லும். சம்பந்தி எழுந்து போய்விட்டார். மணப்பெண்ணைத் திரும்ப அழைத்துக்கொள்வேன் என்கிறார். ஆட்டை மூட்டு மூட்டாகப் பிரித்தது அல்மாஸ். அவன் கத்தியில் சில்லு போயிருந்தது. கத்தி ஷாயிர்குல் செய்தது. பழி எங்கே வந்து நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்று நண்பகல் வெண்தாடிப் பெரியவர்கள் மூன்று பேர் பஞ்சாயத்துக்கு உட்காருகிறார்கள். கொம்பு முத்திரை குத்தும் உளியையும் எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள். அவள் குற்றவாளி என்று ஆனால் அந்த உளியின் முகத்தை அங்கேயே சுத்தியலால் அடித்துத் தட்டையாக்குவார்கள். முத்திரை இல்லாத கத்தியை இந்தப் பள்ளத்தாக்கில் எவனும் தொடமாட்டான்.

"வா, நீயும்தான்," என்றாள் அல்மாஸிடம். பிறகு தாஷ்தானைப் பார்த்தாள். "நீயும் வா. வேடிக்கை பார்க்க ஒனக்குப் பிடிக்குமே."

"ஒன்னை மாதிரியா தாயே. கண்டவன் பையில கையை விட்டுக் கத்தியைப் பிரிச்சுப் பாக்குற பழக்கம் எனக்குக் கிடையாது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சாவு வீடானாலும் கல்யாண வீடானாலும் ஷாயிர்குல் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கத்தியைத்தான் கேட்பாள் என்பது ஊரறிந்த கேலி. அவள் சிரிக்கவில்லை. நடந்தாள்.

*

கிராமசபைக் கட்டடத்தின் நீள அறை. கம்பளத்தின் மேல் ஒரு துணி, தேநீர்க் கிண்ணங்கள். நடுவில் முகாம்பெத் பெரியவர், இருபுறமும் இரண்டு தாடிகள். வலப்பக்கம் சாரிபாய், கடுகடுவென்று. இடப்பக்கம் சம்பந்தி கச்கின்பாய், ஒரு கன்னம் வீங்கி.

ஷாயிர்குல் துணியின் மேல் உளியை வைத்தாள். பக்கத்தில் கத்தியை வைத்தாள்.

"சில்லு போனது என் கத்திதான். இல்லேன்னு சொல்ல வரல," என்றாள், யாரும் கேட்பதற்கு முன்னால்.

சாரிபாய் கையைத் தட்டினார். "முடிஞ்சுதா. அவளே ஒத்துக்கிட்டா."

"கேட்டுட்டுத் தட்டுங்க அண்ணே. அல்மாஸ், இந்தச் சில்லு எப்பப் போச்சு?"

அல்மாஸ் அப்பாவைப் பார்க்காமல் பேசினான். "பின்னங்கால் முட்டியில. வரமாட்டேன்னுச்சு. செருகித் திருகினேன்."

மூன்று தாடிகளும் ஒன்றாக ஆடின. எலும்பை வெட்டக்கூடாது, மூட்டில் பிரிக்க வேண்டும். அது வழக்கம். பொறுமைசாலி நரம்பைத் தேடி அறுப்பான். அவசரக்காரன் கத்தியை மூட்டுக்குள் விட்டுக் கடப்பாரை மாதிரி நெம்புவான்.

"எங்க தாத்தா கத்தியை எத்தனை தடவ திருகியிருக்கோம். சில்லு போனதில்ல," என்றார் சாரிபாய்.

"வளைஞ்சிருக்கும். கல்லுல தட்டி நிமித்தியிருப்பீங்க. ரெண்டு ஆட்டுக்கு ஒருதரம் தீட்டியிருப்பீங்க. மெத்து இரும்பு வளையும், கெட்டி இரும்பு தெறிக்கும். என் கத்தி டிராக்டர் பால் பேரிங் இரும்பு. ஒரு கோடை முழுக்கத் தீட்ட வேண்டாம். அதுக்காகத்தான் மேய்ச்சல்காரங்க என்கிட்ட வர்றாங்க. அறுக்கலாம், திருகக்கூடாதுன்னு ஒவ்வொருத்தன்கிட்டயும் சொல்லித்தான் குடுக்கறேன். இன்னைக்கும் மெத்துக் கத்தி செய்யமாட்டேன். நாளைக்கும் செய்யமாட்டேன்."

"வாய் மட்டும் குறையில்ல," என்றார் கச்கின்பாய் வீங்கிய கன்னத்தோடு. "என் பல்லு போச்சு, பொம்பளே."

"போனது தெரியுது ஐயா. உங்க பல்லை உடைச்ச சில்லைக் காட்டுங்க."

கச்கின்பாய் பெரியவரைப் பார்த்தார். பெரியவர் தலையசைத்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு கைக்குட்டை வந்தது. உள்ளே மஞ்சளாய்ப் பாதிப் பல், கறுப்பாய் ஒரு சில்லு.

ஷாயிர்குல் காந்த ஊசியால் சில்லை எடுத்துக் கத்தியின் பொக்கையில் வைத்துப் பார்த்தாள். உட்காரவில்லை. இந்தப் பக்கம் திருப்பினாள். அந்தப் பக்கம் திருப்பினாள்.

"பானையில வெந்து தேஞ்சிருக்கும்," என்றார் சாரிபாய்.

"இரும்பு என்ன உருளைக்கிழங்கா அண்ணே, வெந்து கரைய?"

ஒரு தாடி சிரித்துவிட்டு இருமுவதுபோல் மறைத்தது. ஷாயிர்குல் கழுத்தில் தொங்கிய பூதக்கண்ணாடியைக் கண்ணில் பொருத்திக்கொண்டு சில்லின் உடைந்த முகத்தைப் பார்த்தாள்.

கண்ணை எடுக்க நேரமானது. ஜன்னல் பக்கம் திரும்பி வெளிச்சத்தில் மறுபடியும் பார்த்தாள்.

"என்னம்மா தெரியுது?" என்றார் முகாம்பெத்.

அவள் கண்ணாடியை அவரிடம் கொடுத்தாள். "நீங்களே பாருங்க. முதல்ல கத்தி உடைஞ்ச இடம். அப்புறம் சில்லு."

பெரியவர் நிதானமாகப் பார்த்தார். "கத்தி சாம்பல் மாதிரி இருக்கு. மாவா. இது... சர்க்கரை மாதிரி மினுங்குது. பெரிய பெரிய மணி."

"நல்லாக் காய்ச்சின இரும்போட உள்சதை மாவா இருக்கும். அதிகமாக் காய்ச்சிக் கெடுத்த இரும்பு மணிமணியாத் தெரியும். அது திருகாமலே உடையும். இந்த ரெண்டும் ஒரே கத்தி இல்ல பெரியவரே."

கண்ணாடி தாடிக்குத் தாடி கைமாறியது. சாரிபாய் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

முகாம்பெத் உளியை அவள் பக்கம் தள்ளினார். "தீர்ந்துபோச்சு. இந்தக் கத்தி இல்ல. எடுத்துக்கிட்டுப் போம்மா."

தாஷ்தானின் முகம் தொங்கிப்போனது. அல்மாஸ் பொட்டலத்தைப் பிரித்துப் பூர்சோக் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டான்.

ஷாயிர்குல் உளியைத் தொடவில்லை.

"தீரல. சம்பந்தி ஐயா, பல்லு போனப்ப வாயில என்ன இருந்துச்சு?"

"ஆட்டோட கண்ணு. ஒண்ணை சாரிபாய்க்குக் குடுத்தேன், ஒருத்தரையொருத்தர் அடிக்கடி பாத்துக்கணும்னு, வழக்கப்படி. இன்னொண்ணை நான் வாயில போட்டேன்."

"கண்ணை எதால எடுத்தீங்க?"

"என் கத்தியால. தலை யாருக்கு வைக்கிறாங்களோ அவன் கத்தியாலதானே எடுக்கணும்? இது தெரியாதா ஒனக்கு?"

"தெரியும். அந்தக் கத்தியைக் குடுங்க."

சாரிபாய் பாதி எழுந்துவிட்டார். "ஷாயிர். விருந்தாளிகிட்டக் கத்தி கேக்கறதா? அதுவும் சந்தேகப்பட்டு? பொண்ணு எங்க வீட்டுலதான் இருக்கணும், ஞாபகம் இருக்கட்டும்."

"நீ ஜெயிச்சுட்ட மகளே," என்றார் முகாம்பெத், குரலைத் தாழ்த்தி. "ஜெயிச்சவ கெளம்பிடணும்."

"கத்தியைப் பாக்காமக் கெளம்பமாட்டேன்."

கச்கின்பாயின் நல்ல கன்னமும் சிவந்தது. அரைக்கச்சையில் கைவிட்டுக் கத்தியை எடுத்துத் துணியின் மேல் வீசினார். அது உளியின் மேல் மோதி நின்றது.

"பாரு. ஞாயித்துக்கிழமைக்கப்புறம் நான் இன்னும் பிரிக்கவே இல்ல. ஒண்ணும் இல்லேன்னா நீ எங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். மண்டி போட்டு."

அவள் அலகைப் பிரித்தாள்.

முனை இல்லை.

கண்குழியின் எலும்பில் நெம்பிய இடத்தில் அப்படியே ஒடிந்திருந்தது. அவள் சில்லை ஊசியால் தூக்கி முனையில் வைத்தாள். பூட்டில் சாவி போல உட்கார்ந்தது. ஒடிந்த முகம் சர்க்கரையாய் மினுங்கியது.

சாரிபாய் தன் கன்னத்தைத் தடவிக்கொண்டார். "மறு கண்ணு எனக்கு வந்துச்சே. நல்லவேளை."

கச்கின்பாய் சிரித்தார். வலித்தது. நிறுத்தினார். "குதிரைக்காரன் ஒருத்தனுக்குக் கடிவாளம் குடுத்து மாத்தின கத்தி இது. எவனோ கையாலாகாதவன் செஞ்சது. விடு மகளே. பொண்ணு இங்கேயே இருக்கட்டும். என் பல்லை நானே உடைச்சுக்கிட்டேன்."

"எவனோ இல்ல."

அலகின் அடியில், கைப்பிடியை ஒட்டி, வருடக்கணக்கான கொழுப்பும் அழுக்கும் கறுத்துக் கிடந்தன. ஷாயிர்குல் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினாள். கொஞ்சம் கொஞ்சமாக ஒரு வளைவு வெளியே வந்தது. மலையாட்டுக் கொம்பு.

அவள் கத்தியை எல்லோருக்கும் தெரியும்படி துணியின் நடுவில் வைத்தாள். உளியை அதன் பக்கத்தில் நகர்த்தினாள். ஓரமாய்க் கிடந்த சுத்தியலையும் நகர்த்தினாள்.

"உளியைத் தட்டையாக்கணும்னா ஆக்குங்க. ஆனா இந்தக் கத்திக்காக ஆக்குங்க. அல்மாஸ் கத்திக்காக ஆக்க விடமாட்டேன். அது சரியான கத்தி."

சுத்தியலை யாரும் எடுக்கவில்லை. கச்கின்பாய்தான் முதலில் தொண்டையைக் கனைத்தார்.

"அப்ப எனக்குக் கத்தி?"

"புதுசு தர்றேன் ஐயா. கண்ணைத் தோண்டறப்பத் திருகாதீங்க."

முகாம்பெத் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "கண்ணாடியில பாத்தப்பவே ஒனக்குத் தெரிஞ்சுபோச்சு. பேசாம உளியை எடுத்துட்டுப் போயிருந்தா இந்த அழுக்குக்குக் கீழ யாரும் பாத்திருக்கமாட்டோம். ஏன் கேட்டே?"

"ஏழு வருஷம் முன்னாடி, நான் தொழில் ஆரம்பிச்ச முதல் கோடை. சோன்குல் மேய்ச்சல்ல, வெட்டவெளியில உலை போட்டேன். உச்சி வெயில். வெயில்ல இரும்போட சிவப்பு கண்ணுக்குத் தெரியாதுன்னு எனக்கு யாரும் சொல்லல. இன்னும் காயல, இன்னும் காயலன்னு ஊதிக்கிட்டே இருந்தேன். அப்படிக் கெடுத்ததை எண்ணெயில முக்கி, கொம்பு குத்தி, குதிரைக்காரங்க கையில குடுத்தேன்."

அவள் வாசலில் நின்ற தாஷ்தானைத் திரும்பிப் பார்த்தாள்.

"கண்டவன் பையில கையை விடறேன்னு கேலி பண்ணினியே. அன்னைக்கு வித்தது பன்னிரண்டு கத்தி. பதினொண்ணைத் தேடிப் பிடிச்சு, புதுசு குடுத்து மாத்தி, என் கையாலயே உடைச்சேன். இது பன்னிரண்டாவது."